வாசகர் கேள்விகள்: கரன்ட் பில்லுக்கு யார் பதில் சொல்வது?

மின்சாரம் பற்றிக் கேள்விகள் அனுப்பச் சொல்லியிருந்தோம். வந்ததில் பாதி கேள்வியே இல்லை, வசவு. அதில் நியாயம் இருக்கிறது, ஆனால் வசவுக்குப் பதில் எழுத முடியாதே, அதனால் கேள்விக்குறியோடு வந்தவற்றை மட்டும் எடுத்துக்கொண்டேன். நான் மின் பொறியாளர் இல்லை, பொருளாதாரம் படித்தவனும் இல்லை. இரண்டு மாதத்துக்கு ஒருமுறை பில் கட்டுகிற ஆள், கட்டுவதற்கு முன் அதைப் படித்துப் பார்க்கிற கெட்ட பழக்கம் மட்டும் உண்டு.

கேள்வி: கட்டணம் ஏறினால் மாநில அரசு டெல்லியைக் கை காட்டுகிறது, டெல்லி மாநிலத்தைக் கை காட்டுகிறது, இரண்டு பேரும் சேர்ந்து ஆணையத்தைக் கை காட்டுகிறார்கள். உண்மையில் யார்தான் விலை வைக்கிறார்கள்?
– ஒரு வாசகர், கோவை

சட்டப்படி ஆணையம்தான். 2003ஆம் ஆண்டு மின்சாரச் சட்டத்தின்படி மின்வாரியம் தன் வரவு செலவுக் கணக்கோடு மனுப் போட வேண்டும், மாநில மின்சார ஒழுங்குமுறை ஆணையம் பொதுமக்கள் கருத்தைக் கேட்டு 120 நாளில் கட்டண ஆணை போட வேண்டும். தமிழ்நாட்டில் இந்த ஆணையம் 1999லேயே வந்துவிட்டது. அரசியல்வாதி கையில் விலை இருக்கக் கூடாது, தேர்தலுக்குத் தேர்தல் ஏற்றி இறக்கி விளையாடுவார்கள் என்பதுதான் ஏற்பாட்டின் நோக்கம்.

நடந்தது என்ன என்று பாருங்கள். 2003ல் ஒரு கட்டண ஆணை. அடுத்தது 2010ல். அப்புறம் 2012, 2013, 2014 டிசம்பர். அதற்குப் பிறகு 2022 செப்டம்பர் வரைக்கும் கட்டண உயர்வு எதுவும் இல்லை. முதல் மௌனத்தில் இரண்டு கழக ஆட்சிகளுக்கும் பங்கு உண்டு, இரண்டாவது மௌனத்தின் பெரும்பகுதி அதிமுக ஆட்சியில். கட்டணம் ஏறவில்லையே, நல்லதுதானே என்று அப்போது நாமும் சும்மா இருந்தோம். நிலக்கரி விலை ஏறியது, சம்பளம் ஏறியது, வாங்கிய கடனுக்கு வட்டி ஏறியது, பில் மட்டும் நின்ற இடத்திலேயே நின்றது. 2022 ஜூலையில் அன்றைய மின்துறை அமைச்சர் சொன்ன கணக்கு இது: 2011-12ல் 43,493 கோடியாக இருந்த மின்வாரியக் கடன் பத்தே ஆண்டில் 1,59,823 கோடி. ஏறாத கட்டணம் எங்கேயும் போய்விடவில்லை, வட்டியோடு அங்கே போய் உட்கார்ந்துகொண்டது. அதற்கு நடுவில் 2017ல், மின்வாரியங்களைக் கடனிலிருந்து மீட்க மத்திய அரசு கொண்டுவந்த உதய் திட்டத்தில் சேர்ந்து 22,815 கோடி ரூபாய்க் கடனை மாநில அரசு தன் தலையில் எடுத்துக்கொண்டது வேறு. மாநில அரசு என்றால் யார்? வரி கட்டுகிற நாம்தான்.

மனுப் போடாமல் வாரியம் இழுத்தடித்தால் ஆணையம் தானே முன்வந்து விலை நிர்ணயத்தைத் தொடங்க வேண்டும் என்று மின்சாரத்துக்கான மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் 2011 நவம்பரிலேயே எல்லா மாநில ஆணையங்களுக்கும் உத்தரவு போட்டிருந்தது. அதற்குப் பிறகும் எட்டு வருடம் தூங்க முடிந்திருக்கிறது என்றால், ஆணையம் அரசிடமிருந்து எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள். உறுப்பினர்களை நியமிப்பது மாநில அரசு. பொதுநலக் கொள்கை விஷயங்களில் ஆணையத்துக்கு வழிகாட்டுதல் தர 108ஆம் பிரிவு அரசுக்கு இடம் கொடுக்கிறது. மின்வாரியத்தின் முதலாளியும் அதே அரசு. மனுதாரரின் முதலாளியே நீதிபதியையும் நியமிக்கிறார், சட்டம் அதை அனுமதிக்கிறது.

2022 கட்டண உயர்வின்போது இன்னொரு வேடிக்கை நடந்தது. ஆணையத்தில் சட்டம் படித்த உறுப்பினர் ஒருவர் இருந்தே ஆக வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2018ல் சொல்லியிருந்தது. இங்கே அந்த நாற்காலி காலி. நூற்பாலைகள் சங்கம் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளைக்குப் போய், அந்தப் பதவியை நிரப்பும்வரை இறுதி ஆணை போடக் கூடாது என்று தனி நீதிபதியிடம் உத்தரவே வாங்கியது. பிறகு இரண்டு நீதிபதிகள் அமர்வில் அந்தத் தடை நீங்கியது, செப்டம்பர் 9ஆம் தேதி ஆணை வந்தது, மறுநாளே புதுக் கட்டணம் அமலுக்கு வந்துவிட்டது. நாற்காலியை நிரப்புவதில் இல்லாத அவசரம் விலையை ஏற்றுவதில் இருந்தது.

ஆக, யாரைக் கேட்பது? மூன்று பேரையும், ஆனால் தனித்தனிக் கேள்வியாக. டெல்லியிடம் நிலக்கரி, மத்திய மின்நிலையங்களின் பங்கு, சட்ட விதிகள். கோட்டையிடம் மானியம், நியமனம், வாரியத்தின் நிர்வாகம். ஆணையத்திடம் கணக்கு. “ஏன் விலை ஏறியது” என்று மொத்தமாகக் கேட்டால் மூவரும் ஒருவரை ஒருவர் காட்டுவார்கள், அது அவர்களுக்கு வசதி.

கேள்வி: ரீடிங் எடுப்பவர் ஐந்து நாள் தள்ளி வந்தார், 500 யூனிட்டைத் தாண்டிவிட்டது, பில் எகிறிவிட்டது. அவர் தாமதத்துக்கு நான் ஏன் பணம் கட்ட வேண்டும்? மாதாமாதம் கணக்கெடுத்தால் சரியாகிவிடுமா?
– ஒரு வாசகி, தாம்பரம்

அம்மா, உங்கள் கேள்விக்குக் கணக்குப் போட்டே பதில் சொல்ல வேண்டும், கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள். 2022 செப்டம்பர் கட்டணத்தை வைத்துப் போடுகிறேன். 2024 ஜூலையில் 4.83 சதவீதம் ஏறினாலும், யூனிட் கூடக் கூட விலை ஏறும் படிக்கட்டின் அமைப்பு மாறவில்லை.

500 யூனிட் வரைக்கும் செலவழித்தால் முதல் நூறு இலவசம், அடுத்த நூறு 2.25 வீதம், அடுத்த இருநூறு 4.50 வீதம், கடைசி நூறு 6 ரூபாய் வீதம். மொத்தம் 1,725 ரூபாய். 501 ஆனால் என்ன ஆகிறது? அந்த ஒரு யூனிட்டுக்கு 8 ரூபாய் மட்டும் இல்லை, 101 முதல் 200 வரை கிடைத்துவந்த 2.25 ரூபாய் விலையும் பறிபோய் அங்கேயும் 4.50 ஆகிவிடுகிறது. பில் 1,958. ஒரு யூனிட்டின் விலை 233 ரூபாய். இதைப் படிக்கட்டு என்று சொல்வதே தப்பு, பள்ளம்.

உங்கள் வீட்டில் நாளுக்கு 8 யூனிட் என்று வைத்துக்கொள்வோம். சரியாக 60 நாளில் வந்தால் 480 யூனிட், 1,605 ரூபாய். 65வது நாளில் வந்தால் 520 யூனிட், 2,110 ரூபாய். அதற்கு அவர்கள் சொல்லும் சமாதானம் என்ன, “அடுத்த தடவை 55 நாள்தானே, குறைந்துவிடும்”. குறையும்தான். 440 யூனிட், 1,365 ரூபாய். இரண்டு பில்லையும் கூட்டுங்கள், 3,475. சரியான தேதியில் வந்திருந்தால் இரண்டும் சேர்ந்து 3,210. எரித்தது அதே மின்சாரம், கூடுதலாகக் கட்டியது 265. இது உங்கள் வீட்டுக்கு மட்டும். 500ஐ ஒட்டி நிற்கிற வீடுகள் எத்தனை இருக்கும் என்று யோசியுங்கள். எனவே இரண்டு ரீடிங்குக்கும் இடையிலான நாட்களை எண்ணி, 60ஐத் தாண்டியிருந்தால் நாட்கணக்கில் பிரித்துக் கணக்கிடச் சொல்லிப் பிரிவு அலுவலகத்தில் எழுத்தில் கொடுங்கள், ஒப்புகை வாங்குங்கள். வாய்வார்த்தையாகச் சொல்லிவிட்டு வந்தால் காற்றோடு போய்விடும்.

மாதாந்தரக் கணக்கீடு பற்றி எல்லோரும் நினைப்பதைவிட விஷயம் கொஞ்சம் சிக்கலானது. திமுக 2021 தேர்தல் அறிக்கையில் அதைச் சொன்னது, நான்கு ஆண்டு கடந்தும் வரவில்லை, ஸ்மார்ட் மீட்டர் வந்தபின் வரும் என்றார்கள், ஸ்மார்ட் மீட்டர் டெண்டரோ விலை அதிகம் என்று 2024 டிசம்பரில் ரத்தானது. வந்திருந்தால்? இலவசம் மாதம் நூறு யூனிட்டாகிவிடும் என்று நினைப்பவர்கள் உண்டு. படிக்கட்டையும் பாதியாக்கினால் இலவசம் 50, பள்ளம் 250ல். ஒரு மாதம் 300, மறுமாதம் 240 என்று எரிப்பவருக்கு இரண்டு மாதக் கணக்கில் 2,270 ரூபாய், மாதக் கணக்கில் 2,177.50, லாபம்தான். ஆனால் ஒரு மாதம் 290, மறுமாதம் 210 என்று எரித்து 500க்குள் நின்றவருக்கு 1,725 என்பது 1,917.50 ஆகிவிடும். ஆகவே வாக்குறுதி கொடுப்பவர்களிடம் “மாதக் கணக்கு எப்போது” என்று மட்டும் கேட்காமல் “படிக்கட்டின் எல்லை என்ன” என்றும் கேளுங்கள். அதை எந்த மேடையிலும் சொல்ல மாட்டார்கள்.

கேள்வி: மின்தடைக்கு அணில் காரணம் என்று ஓர் அமைச்சர் சொன்னாரே, நினைவிருக்கிறதா?
– ஒரு வாசகர், கரூர்

மறக்க முடியுமா! 2021 ஜூன். ஆனால் ஊரே சிரித்த அளவுக்கு அது அபத்தமில்லை. மரக்கிளை கம்பியைத் தொட்டுக்கொண்டிருந்தால் அணில் அதில் ஏறி ஓடும், இரண்டு கம்பிக்கும் பாலம் போட்டதுபோல் ஆகும், மின்தடை வரும். உலகம் முழுக்க நடப்பதுதான். மீம் போட்டதோடு நாம் நிறுத்திக்கொண்டோம். அந்தக் கிளையைக் கடைசியாக எப்போது வெட்டினார்கள், வெட்டியதாகப் பில் போட்டது யார் என்று ஒருவரும் கேட்கவில்லை. அணில் தப்பித்தது, காண்ட்ராக்டரும் தப்பித்தார்.

கேள்வி: விவசாயத்துக்கு இலவச மின்சாரம் கொடுத்தே மின்வாரியம் திவாலாகிவிட்டது என்கிறார்கள். நிறுத்தினால் என்ன?
– ஒரு வாசகர், சென்னை

நிறுத்தினால் கிணற்றுப் பாசனத்தை நம்பியிருக்கிற சிறு விவசாயி நின்றுவிடுவார். எம்.ஜி.ஆர். ஆட்சியில் 1984ல் சிறு விவசாயிகளுக்கு என்று தொடங்கி, கருணாநிதி ஆட்சியில் எல்லா விவசாயிகளுக்கும் என்று விரிந்த திட்டம் இது. இன்று 20 லட்சத்துக்கு மேல் இணைப்புகள். எனக்கு அதில் கோபமில்லை. என் கோபம் வேறொன்றின் மேல்: எவ்வளவு கொடுக்கிறோம் என்று யாருக்கும் சரியாகத் தெரியாது.

பெரும்பாலான விவசாய இணைப்புகளுக்கு மீட்டர் கிடையாது. மோட்டார் எத்தனை குதிரைத்திறன் என்று பார்த்து, ஆண்டுக்கு இவ்வளவு ஓடியிருக்கும் என்று ஓர் உத்தேசம். மீட்டர் இல்லாமல் மின்சாரம் கொடுக்கக் கூடாது என்று 2003 சட்டத்தின் 55ஆம் பிரிவு சொல்கிறது, இருபது வருடம் தாண்டியும் அது ஏட்டில் இருக்கிறது. இந்த உத்தேசத்தில்தான் விஷயமே ஒளிந்திருக்கிறது. மின்வாரியம் கம்பியில் அனுப்பிய மின்சாரத்தில், பில் போட்டதையும் விவசாயத்துக்குக் கொடுத்ததாகச் சொல்வதையும் கழித்தால் மிச்சம்தான் மின் இழப்பு, அதாவது கம்பியில் கரைந்ததும் திருடப்பட்டதும். விவசாயக் கணக்கைக் கொஞ்சம் தூக்கிக் காட்டினால் இழப்பு குறைந்துவிடும், அரசிடம் கேட்கிற மானியமும் கூடும். ஒரே எண், இரண்டு லாபம். இங்கே அப்படித்தான் செய்தார்கள் என்று நான் சொல்ல வரவில்லை. செய்திருந்தால் கண்டுபிடிக்க வழியில்லை என்கிறேன். எங்கேயோ ஒரு தொழிற்சாலை கொக்கி போட்டு எடுத்த மின்சாரம் ஒரு விவசாயியின் பெயரில் எழுதப்பட்டிருந்தால், திட்டு வாங்குவது அவர்.

மீட்டர் வைத்தால் அடுத்து பில் வரும் என்று விவசாயிகள் பயப்படுவதை மடத்தனம் என்று சொல்லாதீர்கள். 2020-21ல் டெல்லி எல்லையில் உட்கார்ந்திருந்த விவசாயிகளின் கோரிக்கைகளில் வேளாண் சட்டங்களோடு மின்சாரத் திருத்த மசோதாவைக் கைவிட வேண்டும் என்பதும் இருந்தது. பயத்துக்குக் காரணம் இருக்கிறது. ஆனால் கிணற்றடியில் மீட்டர் வைத்தால்தான் அளக்க முடியும் என்பதும் இல்லை. விவசாயத்துக்கு மட்டும் தனி மின்பாதை பிரித்து, டிரான்ஸ்பார்மரில் ஒரு மீட்டர் வைத்தாலே மொத்தம் எவ்வளவு போகிறது என்று தெரிந்துவிடும், எந்த விவசாயி வீட்டுக்கும் பில் போகாது. பணம் ஆகும், வேலையும் ஆகும். ஆனால் உண்மை தெரிந்துவிடும் என்பதுதான் பெரிய தடையோ என்று எனக்கு ஒரு சந்தேகம்.

மானியம் அறிவிக்கும் மாநில அரசு அதை முன்கூட்டியே வாரியத்துக்குக் கட்ட வேண்டும் என்கிறது 65ஆம் பிரிவு. இது நல்ல சட்டம். தாராளமாகக் கொடுங்கள், ஆனால் கைக்காசைக் கீழே வைத்துவிட்டுக் கொடுங்கள் என்கிறது. 2016 மே முதல் எல்லா வீட்டுக்கும் இரண்டு மாதத்துக்கு நூறு யூனிட் இலவசம். குடிசைக்கும் அதே நூறு, நாலு ஏசி ஓடுகிற வீட்டுக்கும் அதே நூறு. சென்னை வாசகரே, விவசாயியை நிறுத்துவதற்கு முன் நம் வீட்டு நூறு யூனிட்டைப் பற்றியும் ஒரு வார்த்தை பேசுவோமா?

கேள்வி: ஆரல்வாய்மொழிப் பக்கம் போனால் கண்ணுக்கு எட்டிய வரை காற்றாலை. கமுதியில் கடல்போல் சோலார். இத்தனை இருந்தும் வெளியிலிருந்து ஏன் மின்சாரம் வாங்குகிறோம்?
– ஒரு வாசகர், விருதுநகர்

காற்று மே முதல் செப்டம்பர் வரை அடிக்கும், மற்ற மாதங்களில் ஏமாற்றும். சூரியன் மாலை ஆறு மணிக்கு வீட்டுக்குப் போய்விடும், நாம் அப்போதுதான் வீட்டுக்கு வந்து விளக்கும் ஏசியும் போடுகிறோம். 2024 மே 2ஆம் தேதி தமிழகத்தின் உச்சபட்சத் தேவை 20,830 மெகாவாட்டைத் தொட்டது. மாலையில் அந்த மாதிரித் தேவைக்கு முன்னால் சோலார் கைகொடுக்காது. பகலில் மிஞ்சுவதைச் சேமித்து வைக்க வேண்டும். அதற்குத்தான் நீலகிரியில் குந்தா நீரேற்று மின்திட்டம், 500 மெகாவாட். உபரி மின்சாரத்தால் தண்ணீரை மேலே ஏற்றி, தேவைப்படும்போது கீழே விட்டு மின்சாரம் எடுப்பது. நல்ல யோசனை, வருடக்கணக்காக இழுத்துக்கொண்டே போன திட்டம்.

கமுதியைச் சொன்னீர்கள், அதனால் இன்னொரு விஷயம். அங்கே 648 மெகாவாட் சோலாருக்கு 2015ல் ஒப்பந்தம் ஆனது, யூனிட் 7 ரூபாய் 1 காசு. அது ஆணையம் வைத்த விலை, தனியார் சொன்ன விலை இல்லை. ஆனால் அதே 2015ல் மத்தியப் பிரதேசம் ஏலம் விட்டபோது 5 ரூபாய் 5 காசுக்கு ஆள் வந்தது. 2017ல் நம் தமிழ்நாடே ஏலம் விட்டது, 3 ரூபாய் 47 காசு. இரண்டே வருடத்தில் பாதி விலை. ஒப்பந்தமோ 25 வருடத்துக்கு. சோலார் விலை இப்படி விழும் என்று யாருக்கும் துல்லியமாகத் தெரியாது என்று அவர்கள் தரப்பில் சொல்லலாம், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் விலை விழுந்துகொண்டிருக்கிறது என்பது அப்போதே எல்லோருக்கும் தெரியும், ஏலம் என்று ஒன்று இருப்பதும் தெரியும். கோப்பில் “ஏன் ஏலம் விடவில்லை” என்று கேள்வி எழுதிய அதிகாரி யாராவது உண்டா? அதைத்தான் நான் பார்க்க விரும்புகிறேன். 2040 வரைக்கும் நம் பில்லில் அந்த 7 ரூபாய்க்கு ஒரு பங்கு இருக்கும், கையெழுத்துப் போட்ட யாரும் அப்போது பதவியில் இருக்க மாட்டார்கள்.

கேள்வி: கூடங்குளத்தின் ஆபத்து எங்களுக்கு, மின்சாரம் மற்றவர்களுக்கா?
– ஒரு வாசகி, திருநெல்வேலி

முதல் இரண்டு அலகுகளின் 2,000 மெகாவாட்டில் முதலில் ஒதுக்கியபோது தமிழ்நாட்டுக்கு 925, மீதி கர்நாடகம், கேரளம், புதுச்சேரி, மத்தியத் தொகுப்பு என்று போனது. பங்கு பிரிப்பது ஒரு பக்கம் இருக்கட்டும். கேள்வி கேட்ட மக்கள் மேல் தேசத்துரோக வழக்குப் போட்டார்களே, அது எனக்கு உறுத்துகிறது. அமைதி திரும்ப அந்த வழக்குகளைத் திரும்பப் பெற முயற்சி எடுங்கள் என்று 2013ல் உச்ச நீதிமன்றமே சொல்ல வேண்டியிருந்தது. அணு உலை வேண்டுமா வேண்டாமா என்பதில் எனக்கே நிச்சயமான முடிவு இல்லை, ஆனால் “பாதுகாப்பானது” என்று சொல்கிறவர் கேள்விக்குப் பயப்படக் கூடாது.

கேள்வி: எந்தக் கட்சிக்கு ஓட்டுப் போட்டால் கரன்ட் பிரச்சினை தீரும்?
– ஒரு வாசகர், திருப்பூர்

உங்கள் ஊர்க்காரர்களுக்கு 2011 நினைவிருக்கும். மின்வெட்டுக் கோபம் ஆட்சியை மாற்றியதில் பெரிய காரணம். மாற்றினோம். 2012ல் சென்னைக்கு வெளியே பல ஊர்களில் ஒரு நாளில் 12 மணி நேரத்துக்கு மேல் கரன்ட் இல்லை, விசைத்தறி நின்றது, பனியன் கம்பெனிகள் டீசல் ஜெனரேட்டரில் காசைக் கரைத்தன. புதிய ஆட்சி ஒரே வருடத்தில் அதைக் கெடுத்துவிட்டதா? இல்லை. அனல் மின்நிலையம் கட்ட ஐந்தாறு வருடம் பிடிக்கும், 2012ல் இருட்டு என்றால் 2005, 2006ல் யாரோ முடிவெடுக்காமல் விட்டிருக்கிறார்கள். மேட்டூரிலும் வடசென்னையிலும் 600 மெகாவாட் அலகுகளுக்கு 2008ல் ஆர்டர் போனது, உற்பத்திக்கு வந்தது 2013, 2014ல். ஆர்டர் போட்டவர் தோற்றுப்போய் வீட்டில் இருந்தார், ரிப்பன் வெட்டியவர் வேறொருவர். கல்வெட்டில் யார் பெயர் இருந்தது என்று சொல்லத் தேவையில்லை. அதனால் ஓட்டுக் கேட்டு வருகிறவரிடம் இந்தக் கோடையைப் பற்றிக் கேட்டுப் பிரயோஜனமில்லை. ஏழெட்டு வருடம் கழித்து வரப்போகிற கோடைக்கு என்ன ஆர்டர் போட்டிருக்கிறீர்கள் என்று கேளுங்கள். முழிப்பார், பரவாயில்லை.

கேள்வி: இதெல்லாம் சரி, தனி ஆளாக என்ன செய்ய முடியும்? மனுப் போட்டால் குப்பையில்தானே போடுகிறார்கள்?
– ஒரு வாசகர், தஞ்சாவூர்

குப்பையில் போட முடியாத மாதிரி மனுப் போட வேண்டும், அதற்குச் சில வழிகள் இருக்கின்றன.

முதலில் தகவல் உரிமைச் சட்டம். பத்து ரூபாய், 30 நாள். ஆனால் “எங்கள் தெருவில் ஏன் அடிக்கடி மின்தடை” என்று கேட்காதீர்கள். “ஏன்” என்று கேட்டால் “தகவல் இல்லை” என்று ஒரு வரியில் முடித்துவிடுவார்கள். அவர்கள் கையில் இருக்கிற காகிதத்தின் நகலைக் கேளுங்கள். இந்தத் துணை மின் நிலையத்தின் இந்த மின்பாதையில் ஏப்ரல் முதல் ஜூன் வரையிலான மின்தடைப் பதிவேட்டின் நகல், மரக்கிளை வெட்டியதற்கான பணி ஆணை, அதற்குப் பணம் கொடுத்த பட்டியலின் நகல். எனக்குத் தெரிந்த ஒருவர் இப்படித்தான் கேட்டார். பதில் வருவதற்கு முன்னால் தெருவில் கிளை வெட்ட ஆள் வந்துவிட்டது. பதில் என்னவோ பாதிதான் வந்தது. 30 நாளில் வராவிட்டால் அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு, அதற்குக் கட்டணம் இல்லை.

அடுத்து மின் நுகர்வோர் குறைதீர் மன்றம். வட்ட அலுவலகத்தில் இருக்கும். தமிழ்நாட்டில் நீண்ட காலமாக அதற்குத் தலைவர் அந்த வட்டத்தின் மேற்பார்வைப் பொறியாளரேதான், அவர் அலுவலகத்தின் மேல் புகாரை அவரிடமே சொல்ல வேண்டும். சிரிப்பு வருகிறது, இருந்தாலும் அங்கே போகாமல் அடுத்த படியான மின் குறைதீர்ப்பாளரிடம் போக முடியாது, அதனால் போங்கள். அங்கே தள்ளினால்தான் நமக்கு நல்லது, கையில் ஓர் உத்தரவு கிடைக்கும்.

பத்து வருடத்துக்கு முன் போட்ட பில்லில் இவ்வளவு பாக்கி என்று திடீரென்று நோட்டீஸ் வந்தால் மின்சாரச் சட்டத்தின் 56ஆம் பிரிவின் இரண்டாவது உட்பிரிவைப் படியுங்கள். ஒரு தொகை முதன்முதலில் கட்ட வேண்டியதாகி இரண்டு வருடம் ஆகிவிட்டால், அதைத் தொடர்ந்து பாக்கி என்று காட்டி வந்திருந்தால் ஒழிய, வசூலிக்க முடியாது. முதலில் பில் போட்ட நாளிலிருந்துதான் அந்த இரண்டு வருடம் என்று உச்ச நீதிமன்றம் 2020ல் விளக்கியிருக்கிறது, எனவே வரும் பில்களையெல்லாம் எடுத்து வையுங்கள். கட்டிய காப்புத்தொகைக்கு வட்டி வர வேண்டும், அது 47ஆம் பிரிவு. வருடத்துக்கு ஒருமுறை பில்லில் கழிக்கிறார்களா என்று பார்த்திருக்கிறீர்களா? நான் கேட்டவர்களில் பாதிப் பேர் பார்த்ததில்லை.

கட்டண விசாரணைக்கு ஒரு தடவை போய்ப் பாருங்கள். 2022ல் கோவை, மதுரை, சென்னை என்று மூன்று இடத்தில் வைத்தார்கள். முன்வரிசையில் ஆலை முதலாளிகள் சங்கங்கள், அவர்களிடம் வக்கீல், புள்ளிவிவரம், தடித்த கோப்பு. வீட்டு உபயோகிப்பாளர் பின்வரிசையில், மைக் கிடைத்ததும் பத்து வருட ஆத்திரத்தையும் கொட்டிவிட்டு உட்கார்ந்துவிடுகிறார். கைதட்டல் கிடைக்கும், ஆணையில் ஒரு வரி கிடைக்காது. மனுவின் இன்ன பக்கத்தில் இன்ன செலவு, போன ஆணையில் இவ்வளவுதான் அனுமதித்தீர்கள், இப்போது ஏன் இவ்வளவு என்று ஒரே ஒரு எண்ணைப் பிடித்துக்கொண்டு பேசுகிறவரைத்தான் அவர்கள் நிமிர்ந்து பார்க்கிறார்கள். நேரில் போக முடியாவிட்டால் எழுத்திலும் அனுப்பலாம். பிறகு ஆணை வெளிவரும்போது தரவிறக்கிப் பாருங்கள், நூற்றுக்கணக்கான பக்கம், எல்லாம் வேண்டாம். மக்கள் சொன்ன ஆட்சேபங்கள், அதற்கு வாரியத்தின் பதில், ஆணையத்தின் கருத்து என்று ஒரு பகுதி இருக்கும். உங்கள் கேள்விக்கு நேரே வாரியம் மழுப்பியிருந்தால் அந்தப் பக்கத்தை அச்செடுத்து வையுங்கள், அடுத்த மனு வரும்போது அதையே முதல் கேள்வியாகப் போட வசதியாக இருக்கும்.